அடுத்த வீட்டுத் தோள்

பெலிசித்தோ மனுவேலெஸின் பெயரைச் சொன்னாலே எங்கள் ஊரில் யாரும் முதலில் சிரிப்பார்கள். ஆள் அப்படி. குட்டையான உடம்பு. கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டுகால் கோவேறு'. அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். "கோவேறுக்குத் தீனி வேணும்ல?" என்று என் கடைக்குள் வந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் மகள் தீக்னாவுக்கு நான் ஞானத்தாய். அதனால் அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. அந்த உறவில் வெல்லத்துக்குக் கணக்குக் கேட்க முடியாது.

எங்கள் ஊர் எல் ஒகோத்தால், சான் காஸ்பார் ஊராட்சியைச் சேர்ந்தது. சேர்ந்தது என்று சொல்வதோடு சரி. மேயர், கோயில், சுகாதார நிலையம், ரோடு எல்லாம் சுமுல் ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு மலை மட்டும். ஒரு காலத்தில் தலைமை ஊரே இங்கேதான் இருந்தது. என் அப்பாவின் அப்பா காலத்தில் பூமி ஆடிக் கோயில் சுவர் விழுந்தது. அதைச் சாக்காக வைத்து, அக்கரையில் சமதரை இருக்கிறது என்று ஊராட்சியை அங்கே மாற்றிவிட்டார்கள். புனித காஸ்பார் சொரூபத்தையும் கோயில் மணியையும் கம்பில் கட்டி ஆற்றைக் கடத்தியது யார்? எங்கள் ஆட்கள்தான். சொந்தத் தோளில் ஏற்றிச் சொந்தச் சாமியை வழியனுப்பி வைத்த ஊர் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து ஞானஸ்நானம், ஊசி, ஓட்டு என்று எதற்கும் இறங்கிப் போய் ஏறி வர வேண்டும்.

நடக்க முடிந்தவன் நடப்பான். முடியாதவனைத் தூளியில் போட்டுத் தூக்குவோம். வீட்டில் அவன் படுத்திருக்கும் அதே தூளியை அவிழ்த்து, நீளமான பைன் கம்பில் இரண்டு பக்கமும் முடிந்து, முன்னால் ஒரு ஜோடித் தோள், பின்னால் ஒரு ஜோடித் தோள். மாட்டுக்கொம்பை ஊதியதும் பக்கத்தில் இருக்கும் ஆட்கள் ஓடி வந்து தூக்குவார்கள். அவர்கள் பொறுப்பு அடுத்த வீடு வரைக்கும்தான். அந்த வீட்டு வாசலில் கம்பு வந்து நின்றால், சாப்பாட்டில் கை வைத்தவனும் எழுந்து வந்து தோள் கொடுக்க வேண்டும். அவன் அதற்கடுத்த வீடு வரைக்கும். இப்படி வீட்டுக்கு வீடு தோள் மாறி ஆறு வரைக்கும் போய்விடும். ஆற்றில் மட்டும் எட்டுப் பேர் சேர்ந்து, கம்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடப்பார்கள். மழைக்காலத்துத் தண்ணீரில்கூட எட்டு ஆள் இருந்தால் கடந்துவிடலாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. சொந்த ரத்தம் கம்பைத் தொடக்கூடாது. பதறுகிற கால் வழுக்கும் என்பார்கள். நோயாளியின் அப்பனோ மகனோ அரிவாளோடு முன்னால் நடந்து, வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் செடியை வெட்டிக்கொண்டே போக வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது.

இந்தச் சட்டங்களில் பெலிசித்தோ மீறியது ஒன்றைத்தான். அடுத்த வீட்டோடு நிற்க மாட்டார். ஒருமுறை கம்புக்கடியில் நுழைந்தால் ஆறு வரைக்கும் அவர் தோள் மாறாது. கூடவே வாயும் ஓயாது. நோயாளி சிரித்தால் பாதி வழி போன மாதிரி என்பது அவர் கணக்கு. நான் காலை முறித்துக்கொண்டபோது என்னையும் அவர்தான் தூக்கினார். வலியில் நான் அவருடைய முன்னோர்களை எல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

"கொமாத்ரே, நம்ம மேயர் செத்து நரகத்துக்குப் போனாராம். தெரியுமா?"

"அடச்சீ, சும்மா வாங்க. உயிர் போகுது."

"பிசாசு வாசல்ல நின்னு கேட்டுச்சாம், 'ஏன்டா, நீ செத்து முப்பது வருசமாச்சு, இப்பத்தான் வர்றே?'ன்னு. அதுக்கு மேயர் சொன்னாராம், 'என்ன பண்றது, நான் போட்ட ரோட்டுல வந்தேன்.'"

முறிந்த காலோடு சிரித்தால் எவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிழைப்பு என்று பார்த்தால் எங்கள் மலை யாரையும் கொழுக்க விட்டதில்லை, பட்டினி போட்டும் கொன்றதில்லை. சரிவில் சோளமும் பீன்ஸும் எல்லோரும் போடுவோம். பெலிசித்தோ வாலிபத்தில் பைன் மரங்களைக் கீறிப் பிசின் வடித்தார். அவர் சட்டையை மோந்து பார்த்தே அவர் மனைவி எந்தக் காட்டில் இருந்தார் என்று சொல்லிவிடுவாள். பிறகு வண்டு வந்தது. மலை முழுக்கப் பைன் சிவந்து செத்து நின்றது. அவர் காப்பிக்கு மாறினார். மேட்டுப் பள்ளத்தில் ஒரு துண்டு நிலம், அதில் வாழை நிழலுக்குக் கீழே காப்பி. மனைவி காய்ச்சலில் போன பிறகு அவருக்கு அந்தத் தோட்டமும் தீக்னாவும்தான் உலகம்.

அந்தத் தோட்டம் காய்த்துத் தொங்கிய வருஷம்தான் ரோடு போட மெஷின் வந்தது. ஆற்றை மேலே ஒரு குறுகலான இடத்தில் பாலம் போட்டுக் கடந்து, எங்கள் பக்கம் ஏறி வருவதாகத் திட்டம். மஞ்சள் நிற மெஷினைப் பார்க்க நாங்கள் எல்லோரும் கோழி, குஞ்சு, குழந்தைகளோடு போய் நின்றோம். ரோடு நேராகப் பெலிசித்தோவின் காப்பிக்குள் நுழைந்தது. அவர் அரிவாளை ஊன்றிக்கொண்டு வழியில் நின்றார்.

"ஐயா, ஒரு வண்டி போற அகலம்தான். ரெண்டு வரிசைச் செடி போகும், அவ்வளவுதான்" என்றான் இன்ஜினியர். பாவம், சின்ன வயசு.

"பாத்தீங்களா, பழம் செவந்து நிக்குது? பறிச்சு முடிச்சதும் வாங்க. நானே வெட்டித் தரேன்."

"மெஷின் அதுவரைக்கும் நிக்காதுங்க. அடுத்த ஊராட்சிக்குப் போகணும்."

"போகட்டும். போயிட்டுத் திரும்பி வரட்டும். ரோடு எங்க ஓடிடப்போகுது?"

ஊரே கை தட்டியது. அடுத்த ஊராட்சியான சாந்தா ரீத்தாவுக்குப் போன மெஷின் திரும்பி வரவில்லை. அடுத்த மேயர் வேறு கட்சி, அதற்கடுத்தவர் வேறு கட்சி. இரண்டு வருஷம் கழித்துக் காப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடி படிந்தது. துரு நோய் என்றார்கள். தொட்டால் விரலில் மஞ்சளாக ஒட்டும். மூன்று மாதத்தில் செடிகள் எல்லாம் இலை உதிர்ந்து குச்சியாக நின்றன. ரோட்டுக்குக் கொடுக்காத அந்த இரண்டு வரிசையும் சேர்த்துத்தான். பெலிசித்தோ அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க எங்களுக்கு என்ன யோக்கியதை? கை தட்டியவர்கள்தானே.

காப்பி செத்ததும் ஆட்கள் வடக்கே அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். முதலில் ஒருவன், பிறகு அண்ணன் தம்பி சேர்ந்து, பிறகு மொத்த வீடே. போகிறவர்களை ஆறு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது பெலிசித்தோ தானாகவே எடுத்துக்கொண்ட வேலை. அவர்கள் பையை வாங்கி அந்தக் கோவேறுத் தோளில் போட்டுக்கொள்வார். சில வருஷம் கழித்து டாலர் வந்தது. கோவேறு கழுதை முதுகில் சிமென்ட் மூட்டை ஏறி வந்து, மண் வீடு இருந்த இடங்களில் மாடி வீடு முளைத்தது. பச்சை, ஆரஞ்சு, வாசலில் சிங்கம். உள்ளே பாட்டன் ஒருவரோ நாய் ஒன்றோ இருக்கும். சில வீடுகளில் அதுவும் இல்லை, பூட்டு மட்டும்.

தீக்னாவின் புருஷனும் மார்ச் மாதம் போனான். அவன் மெக்சிகோவில் எங்கோ பிடிபட்டான் என்று ஒரு பேச்சு வந்தது, அவ்வளவுதான். அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. அவன் போகும்போது தீக்னா முழுகாமல் இருப்பது அவளுக்கே தெரியாது. முப்பது வயதில் முதல் பிள்ளை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் என் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, "ஞானம்மா, இவ வெளிய வந்ததும் முதல்ல உங்க வெல்லத்தைத்தான் திருடுவா பாருங்க" என்பாள். பெண்தான் என்று அவளுக்கு எப்படியோ உறுதி.

அக்டோபர். ஒரு வாரமாக விடாத மழை. விடிந்து அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் தீக்னாவுக்கு வலி கண்டது. எங்கள் மருத்துவச்சி மாக்சிமினா ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவள், லேசில் பயப்பட மாட்டாள். அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை வெளியே இழுத்து வந்தாள்.

"பிள்ளை உக்காந்திருக்கு. தலை மேல இருக்கு. முதல் பிரசவம் வேற. நான் இதுல கை வைக்க மாட்டேன். கீழ கொண்டுபோங்க."

பெலிசித்தோ கொம்பை ஊதினார். வந்தவர்கள் நான்கு பேர். என் புருஷன் ஹசிந்தோ, அறுபதைத் தாண்டியவர். அல்லேலூயா சபைப் போதகர் எலீசெயோ, ஒல்லிக்குச்சி. பிறகு சாந்தோஸும் அவன் தம்பியும். வடக்கு விழுங்கித் துப்பி அனுப்பிய பிள்ளைகள் அவர்கள், முந்தின நாள் குடித்தது இன்னும் வாடை அடித்தது.

"நாலு பேரை வெச்சு எப்படி கொம்பாத்ரே? மேலே லாஸ் குருசிதாஸ் தோட்டத்துல, துருவுக்குத் தப்பின காப்பி பறிக்க ஆள் வந்திருக்கு. இன்னொரு தடவை ஊதிட்டுக் கொஞ்சம் பொறுங்களேன்" என்றேன்.

"அடுத்த வீட்டுல மாத்திக்கலாம் கொமாத்ரே. கிளம்பட்டும்."

நினைத்துப் பாருங்கள். அந்த அடுத்த வீட்டு ஆட்களின் பையை இதே மனுஷன்தான் சுமந்துகொண்டு போய் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தார். யார் யார் எந்த மாதம் போனார்கள் என்று கேட்டால் ஒப்பிப்பார். ஆனாலும் கொம்பு ஊதியாகிவிட்டது, கம்பு தோளில் ஏறிவிட்டது என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. அடுத்த வீடு இருக்கிறது, அடுத்த வீட்டில் தோள் இருக்கும். பொறுங்கள் என்று சொன்ன எனக்கும் அந்த நேரத்தில் அது தப்பாகத் தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

பிறகுதான் தெரிந்தது, லாஸ் குருசிதாஸ் ஆட்கள் கொம்புச் சத்தம் கேட்டு ஓடித்தான் வந்தார்கள், ஆறேழு பேர், எல்லோரும் இளவட்டம். வாசல் காலியாக இருந்தது. தூளி கிளம்பிவிட்டது, இனி கீழ் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள்மீது குற்றம் சொல்ல முடியாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

முன்னால் பெலிசித்தோ அரிவாளோடு. பின்னால் தூளி. அதற்குப் பின்னால் மாக்சிமினாவும் நானும். வழி முழுக்கச் சிவப்புச் சேறு. முதல் வீடு பெஹாரானோ வீடு. இரும்புக் கேட்டில் சங்கிலி. பெலிசித்தோ அரிவாளின் பிடியால் கேட்டைத் தட்டினார். உள்ளே நாய் குரைத்தது.

"யாருமில்லீங்க" என்றான் சாந்தோஸ், மூச்சு வாங்கிக்கொண்டு.

"தெரியும்டா. நட."

தெரியும் என்றால் எதற்குத் தட்டினார்? அவர் முதுகைப் பார்த்தாலே கேட்கத் தோன்றாது.

அடுத்த வீட்டில் லெஞ்சோ, மரியாதைக்குத் 'தோன்' சேர்த்து தோன் லெஞ்சோ என்போம், வெளியே வந்தார். எழுபது வயது, குடலிறக்கத்துக்குப் பட்டை கட்டியவர். கம்பு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தோளை நீட்டினார். அவர் மருமகள் கதவிலிருந்து கத்தினாள்: "மாமா, டாக்டர் என்ன சொன்னாரு! செத்துப்போவீங்க!"

"சும்மா இரு. வாசல்ல வந்து நிக்குது, பாரு."

அவர் ஒரு திருப்பம் வரைக்கும் வந்தார். அங்கே முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார். அவரைப் பாறையில் சாய்த்துவிட்டு நாங்கள் நடந்தோம்.

தூளிக்குள்ளிருந்து தீக்னாவின் குரல் வந்தது. "அப்பா."

"சொல்லும்மா." திரும்பாமல் பதில் சொன்னார்.

"ஊருக்கெல்லாம் கதை சொல்லிக்கிட்டே போவீங்க. எனக்கு ஒண்ணு சொல்ல மாட்டீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். நாற்பது வருஷம் ஊரையே சிரிக்க வைத்த வாய். அரிவாளை வீசி ஒரு செடியை வெட்டினார். அது வழியில்கூட இல்லை.

"சரி, நான் சொல்றேன்" என்றாள் அவள். "மேயர் சொன்னாராம், நான் போட்ட ரோட்டுல வந்தேன்னு. ஐயோ... முதல்ல பிசாசு கேக்கணும்ல... நான் கடைசியை முதல்ல சொல்லிட்டேன்." அவள் சிரித்தாள், சிரிப்பு நடுவிலேயே வலியாக மாறிப்போனது. சாந்தோஸின் தம்பி சட்டைக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது வீடு ஓல்வினுடையது. ஆரஞ்சு நிறம், மாடியில் தட்டு ஆன்டெனா, வாசல் தூணில் முட்டை அளவுக்கு ஒரு கேமரா. பெலிசித்தோவுக்கு அடுத்தபடியாக இந்த மலையில் நல்ல தோள் என்றால் ஓல்வின்தான். ஹூஸ்டனில் கூரை வேலை செய்கிறான். நாங்கள் வாசலில் கம்பை இறக்கியதும் தூணிலிருந்து குரல் வந்தது.

"யாரு? தோன் பெலிசித்தோவா? என்னாச்சு? தூளியில யாரு?"

பெலிசித்தோ அந்தக் கேமராவுக்கு நேராகத் தொப்பியை உயர்த்தினார். "தீக்னாடா தம்பி. பிள்ளை தலை திரும்பாம உக்காந்திருக்கு. ஆள் இல்ல."

அவனுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"ஐயோ... நான் இங்க இருக்கேனே, தோன் பெலிசித்தோ. நான் இங்க இருக்கேனே!" அவன் குரல் உடைந்தது. "கேட்டைத் திறக்கறேன், உள்ள வாங்க, கட்டில் இருக்கு, எல்லாம் இருக்கு..."

டக் என்று சத்தம் கேட்டு, கேட் தானாகத் திறந்துகொண்டது. உள்ளே கண்ணாடி போலத் துடைத்த தரை. சோபா மேல் பிளாஸ்டிக் உறை. ஒரு ஈ காக்காய் இல்லை.

"கட்டிலை வெச்சு என்னடா பண்ணுறது?" என்று நான் தூணைப் பார்த்துக் கத்தினேன். "தோள் வேணும், தோள்!"

"எவ்வளவு வேணும் சொல்லுங்கம்மா, இப்பவே அனுப்பறேன்..."

"காசுக்குத் தோள் விக்கிற கடை எங்கடா இருக்கு இந்த மலையில?"

பெலிசித்தோ என் கையைப் பிடித்து அடக்கினார். "அவனைத் திட்டாதீங்க கொமாத்ரே. டேய் ஓல்வின், சுகாதார நிலையத்துக்குப் போன் போடு. ஆத்தங்கரைக்கு வண்டி வரச் சொல்லு."

அதை அவன் செய்தான். அந்தப் பிள்ளையால் செய்ய முடிந்தது அது, அவன் செய்தான். நாங்கள் கிளம்பும்போதும் தூணிலிருந்து அவன் குரல் வந்துகொண்டிருந்தது: "முன்பாதத்தை அழுத்தி வைங்க... அந்த வளைவுல வழுக்கும்... இடது பக்கம், இடது பக்கம்..." கேமராவுக்கு எட்டாத தூரம் போகும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்த வளைவிலேயே போதகர் விழுந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. தூளி தரையில் இடிக்காமல் என் புருஷன் முழங்காலில் தாங்கினார். இப்போது மூன்று பேர். பெலிசித்தோ அரிவாளைச் செடிக்குள் வீசி எறிந்துவிட்டுத் திரும்பினார். முதல் தடவையாக மகளைப் பார்த்தார்.

"நீங்க தொடக்கூடாது பெலிசித்தோ" என்றார் ஹசிந்தோ. "சொந்த ரத்தம்."

"வேற ரத்தம் எங்க இருக்கு காட்டுங்க, விட்டுடறேன்."

அவர் முன்னால் நுழைந்தார். முழங்காலில் தாங்கிய என் புருஷன் பின்னால் நொண்டினார், அங்கே இன்னொரு தோள் வேண்டும். எங்கள் மலையில் பெண்கள் கம்பு தூக்கியதில்லை. சமைப்போம், தண்ணீர் கொண்டு ஓடுவோம், அழுவோம். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கம்புக்கடியில் நுழைந்தேன். யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் கடித்திருப்பேன். தோளில் கம்பு இறங்கியபோதுதான் தெரிந்தது, இத்தனை வருஷம் அந்த மனுஷன் எதை வைத்துக்கொண்டு எங்களைச் சிரிக்க வைத்தார் என்று. ஒரு பெண் எவ்வளவு கனம் இருப்பாள்! என் கையில் ஞானஸ்நானம் வாங்கியபோது அந்தப் பிள்ளை ஒரு படி சோள மாவு அளவுகூட இல்லை.

அவர் கால் வழுக்கவில்லை. சட்டம் பொய் என்று அன்று தெரிந்தது.

மதியத்துக்கு முன்னால் ஆறு தெரிந்தது. அக்கரையில் ஊராட்சியின் வெள்ளை வண்டி நின்றது. ஓட்டுநர் கையசைத்தார். பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் ஒரு சின்னப் பெண், நர்ஸ். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான். நடுவில் சுமுல் ஆறு கலங்கிய காப்பி நிறத்தில், மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு போனது. ஓட்டுநர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். நான்கு எட்டு வைப்பதற்குள் தண்ணீர் அவரைப் புரட்டிக் கரையில் போட்டது. எட்டுப் பேர் கை கோத்து நின்றிருந்தால் அந்தத் தண்ணீரும் எங்களைக் கடக்க விட்டிருக்கும். எத்தனை தடவை கடந்திருக்கிறோம்.

நாங்கள் இங்கே, அவர்கள் அங்கே. கத்தினால் கேட்காது, ஆற்றின் இரைச்சல் அப்படி. முகம் தெரியும், குரல் கிடையாது.

பிள்ளை அங்கேயே, கூழாங்கல் மேல் விரித்த தூளியிலேயே வந்தது. முதலில் கால், பிறகு இடுப்பு. மாக்சிமினா தான் கை வைக்க மாட்டேன் என்று சொன்னதை மறந்து, வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வேலை செய்தாள். தலை வந்ததும் நான் வாங்கினேன். பெண்தான். நீலமாக இருந்தாள். மாக்சிமினா காலைப் பிடித்துத் தட்டியதும் வாயைப் பிளந்து அலறினாள். அந்த அலறல்கூட அக்கரைக்குக் கேட்டிருக்காது, வாய் திறந்திருப்பதைத்தான் பார்த்திருப்பார்கள்.

தீக்னா சிரித்தாள். "சொன்னேன்ல ஞானம்மா, பொண்ணுன்னு."

பிறகு ரத்தம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. மாக்சிமினா துணியை வைத்தாள், என் சால்வையை வைத்தாள், பெலிசித்தோவின் சட்டையை வைத்தாள். எல்லாம் சிவந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அக்கரையில் அந்த நர்ஸ் பெண் புரிந்துகொண்டாள். தண்ணீர் விளிம்புக்கு ஓடி வந்து, கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு தன் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்து, தொப்புளுக்குக் கீழே, வட்டமாக, அழுத்தி அழுத்திப் பிசைந்து, ரத்தம் நிற்க இப்படிச் செய்யுங்கள் என்று காட்டினாள். மாக்சிமினா பார்த்தாள். தீக்னாவின் வயிற்றில் கை வைத்து அதே மாதிரி பிசைந்தாள். நர்ஸ் தலையை ஆட்டினாள், இன்னும் பலமாக என்று முஷ்டியை மடக்கிக் காட்டினாள். பிள்ளையை மார்பில் போடு என்று சைகை செய்தாள். போட்டேன். மாக்சிமினாவின் கை சோர்ந்ததும் நான் பிசைந்தேன், என் கை சோர்ந்ததும் சாந்தோஸ் பிசைந்தான். குடிகாரன் என்று நாங்கள் வாசலில் சேர்க்காத சாந்தோஸ், கண்ணீர் ஒழுக, "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டே பிசைந்தான். அக்கரையில் அவள் நிறுத்தவில்லை. மழை மறுபடி பிடித்தது. கோட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ள, அவள் தன் வயிற்றையே பிசைந்துகொண்டு நின்றாள்.

பெலிசித்தோ மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மழை முகத்தில் விழாமல் தன் தொப்பியைக் குடையாகப் பிடித்திருந்தார்.

"குளிருதுப்பா" என்றாள்.

"இதோ, வண்டி வந்துடுச்சும்மா. அங்க நிக்குது பாரு."

அவள் அந்தப் பக்கம் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சாந்தோஸின் கைக்கு அடியில் வயிறு ஏறி இறங்குவது நின்றது. மாக்சிமினா அவன் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக எடுத்தாள். பிள்ளை மட்டும் மார்பில் வாயை வைத்துத் தேடிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்து என் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன்.

அக்கரையில் அவளுக்கு அது தெரியவில்லை. மழையும் தூரமும். அவள் வட்டமாக, அழுத்தமாக, எங்களிடம் 'விடாதீங்க' என்று சொல்வது போலப் பிசைந்துகொண்டே இருந்தாள். எங்களில் யாருக்கும் கையைத் தூக்கி அவளிடம் போதும் என்று சொல்லத் துணிவில்லை. அவள் நிறுத்தாத வரைக்கும் இன்னும் முடியவில்லை என்பது போல, முட்டாள்கள் மாதிரி, எல்லோரும் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் பெலிசித்தோதான் எழுந்தார். மகளின் தலையைத் துணிமேல் சாய்த்து வைத்தார். சட்டையில்லாமல், தண்ணீர் விளிம்பு வரைக்கும் நடந்து போனார். தொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார்.

அவள் கைகள் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றின. பிறகு நின்றன.